பனங்கூடலில் இரண்டு இரவு: வன்னிக்குக் கூடாரத்தோடு போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் இருக்கிற மச்சான்மார் திராட்சைத் தோட்டத்துப் பக்கம் கூடாரம் அடித்து, கையில் வைன் கிளாசோடு நிற்கிற படங்களை அனுப்ப, இங்கே இருக்கிற பெடியளுக்கும் ‘நாங்களும் ஒருக்கால் போவமே’ என்று ஆசை வந்துவிடுகிறது. நல்ல ஆசைதான். நமக்குத் திராட்சை இல்லை, பனை இருக்கிறது. பூநகரியிலிருந்து மன்னார்ப் பக்கம் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குப் பனைதான். குளங்கள் இருக்கின்றன, மீன் இருக்கிறது, கள்ளும் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ நாலைந்து பேர் சேர்ந்து வெள்ளி பின்னேரம் வந்து ஞாயிறு காலை திரும்புவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூடாரம், அடுப்பு, ரோர்ச் எல்லாம் காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும். வன்னியில் ஓர் இரவு தங்குவதற்கு அவை எல்லாவற்றுக்கும் முன்னால் தேவைப்படுவது ஒரு காணிக்காரர்.

முதல் வேலை: யாருடைய காணி?

‘இது சும்மா கிடக்கிற காடுதானே, யார் கேட்கப் போகிறார்கள்’ என்று நினைத்து இறங்க வேண்டாம். சும்மா கிடப்பது போலத் தெரிகிற காடு வனத் திணைக்களத்தினுடையதாகவோ வனஜீவராசிகள் திணைக்களத்தினுடையதாகவோ இருக்கும். பெரிய குளங்களின் கட்டும், தண்ணீர் ஏறி இறங்குகிற அலைகரையும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில், சின்னக் குளங்கள் கமநலத் திணைக்களத்தின் பொறுப்பில். சுண்டிக்குளமும் மடு வீதிப் பக்கமும் 2015இல் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டவை, அங்கே நினைத்த இடத்தில் கூடாரம் அடித்தால் நேராக வழக்குத்தான். மிச்சம் இருப்பது தனியார் காணி. தெரிந்தவர்களின் தோட்டக்காணி, வயற்கரை, தென்னங்காணி, பனங்கூடல். நண்பர்கள் வட்டத்தில் கட்டாயம் ஒருவருக்காவது அக்கராயனிலோ மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு மாமா இருப்பார். அவரைப் பிடியுங்கள்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. போர் முடிந்து இத்தனை வருடம் ஆகியும் கண்ணிவெடி அகற்றும் வேலை முழுதாக முடியவில்லை. சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருக்கும் இடத்துக்கு யாரும் போகப் போவதில்லை, அது சரி. பலகையே இல்லாத பற்றைக்குள் வெடிக்காத எறிகணை கிடக்கலாம் என்பதுதான் பிரச்சினை. ஆகவே விதி ஒன்றே ஒன்று: வருடாவருடம் உழுது பயிர் செய்கிற நிலத்தில், அல்லது ஆட்கள் தினமும் புழங்குகிற வளவில் மட்டும் தங்குங்கள். காணிக்காரர் ‘அந்தப் பக்கம் போகவேண்டாம் தம்பி’ என்றால் ஏன் என்றுகூடக் கேட்க வேண்டாம், போகாமல் விடுங்கள். மண்ணில் துருப்பிடித்த இரும்பு எதுவும் தெரிந்தால் கையால் தொடவோ காலால் தட்டவோ வேண்டாம், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி 119இல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

காணி சரியென்றால் கிராம அலுவலருக்கு ஒரு சொல் சொல்லிவிடச் சொல்லுங்கள். காணிக்காரர் சொன்னால் போதும். தெரியாத ஆட்கள், தெரியாத வாகனம், இரவில் வெளிச்சம் என்றால் ஊர் கேட்கத்தான் செய்யும், முகாம் பக்கத்தில் இருந்தால் ஆமியும் வந்து கேட்கும். அடையாள அட்டை எல்லாரிடமும் இருக்கட்டும். ட்ரோன் வைத்திருக்கிறவர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். பெண் பிள்ளைகளும் சேர்ந்து வருவதென்றால் அதை முதலே காணிக்காரர் வீட்டில் திறந்து சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டுக் கழிப்பறையையும் கிணற்றடியையும் பாவிக்கக் கேட்டுவைப்பதற்கும் அதுதான் நேரம்.

இடத்தைப் பற்றி இன்னும் ஒன்று. கோயில் காணியில் கள்ளோடு தங்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். முள்ளிவாய்க்கால் கடற்கரையும் துயிலும் இல்லங்களுக்குப் பக்கத்து நிலமும் அப்படித்தான், அங்கே பாட்டுப் போட்டுக் கூத்தடிக்க வேண்டாம். கடல் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

எப்போது போவது

ஐப்பசி முதல் மார்கழி வரை மறந்துவிடுங்கள். மழை கொட்டும், குளங்கள் வான் பாயும், கிரவல் ரோட்டில் வாகனம் புதையும். தையில் மழை விட்டாலும் இரவில் பனி பலமாக இருக்கும். சித்திரைக்குப் பிறகு வெயில் தாங்காது, வைகாசியிலிருந்து சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் பூநகரிப் பக்கம் கூடாரம் நிற்காது, சோற்றில் மண் விழும். என்னைக் கேட்டால் மாசியும் பங்குனியும்தான். காலபோக அறுவடை நடந்துகொண்டிருக்கும் அல்லது முடிந்திருக்கும், குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கும், பனையில் பாளை சீவத் தொடங்கியிருப்பார்கள்.

ஒரு சிக்கல். நிலவு வேண்டும் என்று பௌர்ணமியாகப் பார்த்து நாள் வைப்பார்கள். பௌர்ணமி என்றால் போயா, போயா என்றால் கள்ளு விற்கிற தவறணை பூட்டு, இறைச்சிக்கடையும் பூட்டு. நிலவும் வேண்டும் கள்ளும் வேண்டும் என்றால் போயாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்னோ பின்னோ விழுகிற வார இறுதியைப் பிடியுங்கள்.

எந்தப் பக்கம்

பனையும் கள்ளும்தான் நோக்கம் என்றால் பூநகரி. யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலத்தால் ஓடி வரலாம், 2011இல் பாலம் திறந்த பிறகு அது சின்னத் தூரம்தான். தெற்கிலிருந்து வருகிறவர்கள் ஏ9இல் பரந்தனுக்கு வந்து மேற்கே திரும்ப வேண்டும். குளம்தான் வேண்டும் என்றால் இரணைமடு, அக்கராயன், மாங்குளத்திலிருந்து மேற்கே போனால் வவுனிக்குளம், கிழக்கே ஒட்டுசுட்டான் பக்கம் முத்தையன்கட்டு. முதல்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது கிளிநொச்சிக்கும் பூநகரிக்கும் இடைப்பட்ட ஏதாவது ஒரு காணி. ஆஸ்பத்திரியும் கடையும் எட்டத்தில் இல்லை, யானைத் தொல்லையும் மாங்குளம், ஒட்டுசுட்டான் காட்டுக்கரைகளில் இருக்கிற அளவுக்கு இருக்காது.

ரயிலில் வருவதென்றால் கிளிநொச்சியில் இறங்கி, சாமான்களை ஏற்ற ஒரு பட்டா வாகனத்தைப் பேசிவையுங்கள். கடைசி மைல் சில நேரம் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில்தான் போகும், அதுவே ஒரு விளையாட்டு. ரோட்டால் தெற்கிலிருந்து வருகிறவர்கள் முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்குங்கள். நிறைய வாங்குங்கள், ஏனென்று கீழே வருகிறது.

என்ன கொண்டுபோவது

கடையில் விற்கிற நைலோன் கூடாரம் வன்னி வெயிலுக்குச் சரிவராது. காலை ஏழு மணிக்கே உள்ளே இருக்க முடியாது. என் தெரிவு தறப்பாளும் நுளம்புவலையும். இரண்டு வேம்புக்கு நடுவே கயிறு கட்டித் தறப்பாளைப் போட்டு, கீழே இன்னொரு தறப்பாள் விரித்து, அதன்மேல் பாய், ஒவ்வொருவருக்கும் ஒரு வலை. மடிப்புக் கட்டில் கிடைத்தால் இன்னும் நல்லது. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருக வேண்டும், இது நுளம்புக்காக மட்டும் சொல்வதல்ல. கட்டுவிரியன் இரவில் ஊர்ந்து வந்து நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கிற பாம்பு, கடித்தால் பெரிதாக வலியும் இருக்காது, விடியும்போதுதான் கண் சொருகும். செருகிய வலை அதற்கு நல்ல தடுப்பு.

கூடாரம்தான் வேண்டும் என்று நிற்கிறவர்கள் இரண்டு பக்கமும் வலை வாசல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அதையும் மர நிழலில் அடியுங்கள். பனைக்கும் தென்னைக்கும் கீழே அடிக்கவே கூடாது. காய்ந்த மட்டை ஒன்று விழுந்தாலே போதும். குளக்கரையில் தண்ணீருக்குக் கிட்டவும் வேண்டாம். வன்னிக் குளங்களில் முதலை உண்டு, அலைகரை அதற்கும் படுக்கிற இடம். யானை லத்தியோ யானைத் தடமோ தெரிகிற இடத்தில் சாமானை இறக்காமலே வேறு இடம் தேடுங்கள்.

மற்றவை சுருக்கமாக: ஆளுக்கு ஒரு ரோர்ச், தலையில் கட்டுகிறது என்றால் நல்லது. சாரம், நீளக் காற்சட்டை, மூடின சப்பாத்து. நுளம்புத்திரி. பவர் பாங்க், ஏனென்றால் சில இடத்தில் சிக்னல் தேடித் தேடியே போன் செத்துவிடும். சீவுகிற கத்தி ஒன்று. குடிதண்ணீரை வரும் வழியில் ரவுணில் ஆர்.ஓ. தண்ணீராகக் கானில் நிரப்புங்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லீற்றர் என்று கணக்கு வையுங்கள். கிணற்றுத் தண்ணீர் சமைக்கவும் குளிக்கவும். மாட்டுப்பட்டி நிற்கிற புல்வெளியில் உண்ணி உண்டு, இரவு படுக்கமுன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, கக்கம் எல்லாம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காணிக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். காசு கொடுத்தால் அநேகமாக வாங்கமாட்டார், கோபமும் வரலாம். தேயிலை, சீனி, பிள்ளைகளுக்கு பிஸ்கட், ரவுண் பேக்கரியில் ஒரு கேக், அப்படி ஏதாவது.

வெள்ளி பின்னேரம்

நாலு மணிக்குள் வந்துசேருங்கள். ஆறரைக்கு இருட்டிவிடும், இருட்டில் இடம் பார்க்க முடியாது. இடத்தைக் கூட்டித் தறப்பாள் கட்டியதும் அடுத்தது அடுப்பு. வெளிநாட்டு வீடியோக்களில் குழி தோண்டி நெருப்பு மூட்டுவார்கள். இங்கே தோண்ட வேண்டாம். மண்ணுக்கடியில் கிடக்கிற வெடிபொருள் மேலே மூட்டிய நெருப்பின் சூட்டுக்கே வெடிக்கலாம். காணிக்காரர் ஏற்கெனவே அடுப்பு மூட்டிய இடம் ஒன்று கட்டாயம் இருக்கும், அறுவடைக்கு ஆட்கள் வந்து சமைத்த இடமாக இருக்கும். அதிலேயே மூன்று கல்லை வைத்து மூட்டுங்கள். சுற்றி இருக்கிற சருகு, ஓலை எல்லாவற்றையும் ஒரு பாகம் (ஆறடி) தூரத்துக்கு இழுத்துவிடுங்கள். பனங்கூடலில் ஒரு பொறி காய்ந்த ஓலையில் பிடித்தால் கூடலே போகும், அந்த மரங்கள் யாரோ ஒருவருடைய சீவியம்.

விறகுக்கு உயிர் மரம் வெட்டத் தேவையில்லை. ஊமல் (காய்ந்த பனங்கொட்டை ஓடு), பனைமட்டை, பொச்சு, தென்னம்பாளை. ஊமல் நின்று எரியும், நல்ல தணல் தரும், மீன் சுட அதைப்போல ஒன்று இல்லை.

முதல் இரவுக்குப் பாணும் சம்பலும் ரின்மீனும் போதும். களைப்பில் வந்து பெரிய சமையலில் இறங்கினால் பத்து மணிக்கு எல்லாரும் கொதிப்பில் இருப்பார்கள், சாப்பாடு மட்டும் கொதித்திருக்காது.

சனி காலை: பனை

விடியமுன் எழும்புங்கள். காணியிலோ பக்கத்திலோ சீவுகிறவர் வருவார் என்றால் முதல் நாளே அனுமதி கேட்டுவிட்டுப் போய் நின்று பாருங்கள். வயதைப் பார்த்து அண்ணை, ஐயா என்று கூப்பிடுங்கள். ‘நீ, வா’ என்று பேசுகிற பழைய பழக்கம் நம்மில் சிலருக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது, அதை ஆனையிறவுக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வாருங்கள். அவர் மரத்தில் நிற்கும்போது கீழே நின்று கூப்பிட்டுக் கதைக்க வேண்டாம், படமும் கேட்டுத்தான்.

தளைநாரைக் காலில் போட்டு ஏறி, பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, முட்டியில் சேர்ந்ததை ஊற்றி எடுத்துவிட்டு முட்டியைத் திரும்பக் கட்டுவார். காலையும் மாலையும் இதே வேலை, ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்துவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் சாறு புளிக்காது, அதுதான் கருப்பநீர். சுண்ணாம்பு பூசாத முட்டியில் பழைய கள்ளின் நொதியும் காற்றில் இருக்கிற நொதியும் சேர்ந்து, சாறு மரத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். அதனால் காலையில் இறக்கியது இனிப்பாக, லேசாக நுரை தள்ளிக்கொண்டு இருக்கும், மத்தியானத்துக்குள் கடுக்கும், பின்னேரம் அடுத்த முகம் காட்டும். அடுத்த நாள் வைத்தால் காடி. குடிக்காத நண்பர்களுக்குக் கருப்பநீர் வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், அதற்கென்று தனியாகச் சுண்ணாம்பு முட்டி கட்ட வேண்டுமல்லவா.

கள்ளைப் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத்துத் தவறணையில் வாங்குங்கள். சீவுகிறவர் சங்கத்துக்கு அளக்கிற கள்தான் அங்கே வரும். யாராவது பற்றைக்குள் கூட்டிப்போய்ப் போத்தலில் வேறு எதையாவது நீட்டினால், அது கசிப்பு, கள்ளச்சாராயம், வாங்கவேண்டாம். சட்டத்துக்காக மட்டுமல்ல, அதில் என்ன கலந்திருக்கும் என்று வடித்தவருக்கே தெரியாது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதும் சட்டப்படி குற்றம்.

கள்ளைக் கானில் கொண்டுவரும்போது மூடியை இறுக்கிப் பூட்டாதீர்கள். வெயிலில் வாகனம் ஆட ஆட அது காற்றைக் கக்கிக்கொண்டே இருக்கும், இறுக்கினால் வெடித்து சீற் எல்லாம் மணக்கும், பிறகு ஒரு கிழமைக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டும். வந்ததும் பன்னாடையால் வடியுங்கள், எறும்பும் தேனீயும் கட்டாயம் இருக்கும். ஓலையில் பிளா கோலித் தரச் சொல்லிக் காணிக்காரரைக் கேளுங்கள். பிளாஸ்ரிக் கப்பில் குடிப்பதற்கு இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. அந்த முறிகண்டிக் கச்சானை இப்போது எடுங்கள், சுட்ட கருவாடு, அவித்த மரவள்ளியும் கட்டைச்சம்பலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்கு அளவு: ஒரு பிளா, பிறகு ஒரு மணி நேரம் பொறுங்கள். பியர் அளவுக்குத்தான் வெறி என்றாலும் பழக்கமில்லாத வயிறு அடுத்த நாள் கணக்குக் கேட்கும். குடித்த ஆள் வாகனத்தில் கை வைக்கக் கூடாது. குளத்திலும் இறங்கக் கூடாது. குளிப்பு எல்லாம் கள்ளுக்கு முன்னால், காலையில், ஊர்ச்சனம் குளிக்கிற இடத்தில் மட்டும். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற துருசுப் பக்கம் போகவே வேண்டாம். மேலே அசையாமல் தெரிகிற தண்ணீர் கீழே ஆளை இழுக்கும்.

சனி இரவு: கூழ்

இரண்டாவது இரவுச் சாப்பாடு கூழாக இருக்கட்டும். ஒரே பானை, எல்லாருக்கும் வேலை, கறி சோறு என்று தனித்தனிச் சட்டிகள் இல்லை. ஒடியல் மாவை, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவை, மத்தியானமே தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளிகிற தண்ணீரை இரண்டு மூன்று தரம் மாற்றி ஊற்றுங்கள், அப்போதுதான் கயர்ப்புப் போகும். பானையில் கொஞ்சம் அரிசி, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டு போட்டு முக்கால் பதம் அவிந்ததும் மீன், நண்டு, இறால். பூநகரிப் பக்கம் என்றால் களப்பு நண்டும் இறாலும் காலையில் கரையிலேயே வாங்கலாம். குளத்துப் பக்கம் என்றால் விரால் கிடைத்தால் அதிர்ஷ்டம், திலாப்பியா எப்போதும் கிடைக்கும். பிறகு அரைத்த செத்தல் மிளகாய், புளிக்கரைசல், உப்பு, கடைசியாக ஒடியல் மாவைக் கரைத்து விட்டுக் கைவிடாமல் துழாவுங்கள். பிளாவில் ஊற்றி, வியர்க்க வியர்க்கக் குடிக்க வேண்டியது. காணிக்காரர் வீட்டுக்கு முதல் சட்டியை அனுப்புங்கள்.

படுக்கமுன் அரிசி, உப்பு, பழம் எல்லாவற்றையும் காணிக்காரர் வீட்டிலோ வாகனத்துக்குள்ளோ பூட்டுங்கள். யானை உப்பையும் அரிசியையும் தேடி வீட்டுச் சுவரையே உடைக்கிறது, உங்கள் தறப்பாள் எம்மாத்திரம். தூரத்தில் யானைவெடிச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், காவல் கொட்டிலில் இருப்பவர்கள் கலைக்கிறார்கள் என்று அர்த்தம். எட்டிப் பார்க்கவும் போக வேண்டாம். கிட்டக் கேட்டால் எல்லாரும் எழுந்து காணிக்காரர் வீட்டுக்குப் போங்கள், ரோர்ச் அடித்துப் படம் எடுக்க நிற்காதீர்கள்.

பாம்பு கடித்தால்: கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் வைத்துக்கொண்டு அம்புலன்சுக்கு 1990க்கு அடியுங்கள், அல்லது குடிக்காத ஒருவர் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டட்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கிலும் மாவட்ட வைத்தியசாலை இருக்கிறது. இதற்காகவே குழுவில் ஒருவர் இரவு முழுக்கக் கருப்பநீரோடு இருக்க வேண்டும். யார் என்பதை வெள்ளியே முடிவெடுங்கள்.

ஞாயிறு

அடுப்பை மண் போட்டு மூடாமல் தண்ணீர் ஊற்றி அணைத்து, கையை வைத்துப் பாருங்கள். மண்ணுக்குள் ஊமல் தணல் நாள்கணக்கில் கிடக்கும். போத்தல்களை எண்ணி எடுத்துவந்து ரவுணில் போடுங்கள். வயலில் உடைந்த கண்ணாடி ஒன்று கிடந்தால் அடுத்த போகத்துக்கு வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவர்தான் அதைக் கண்டுபிடிப்பார். கயிறு, பொலித்தீன், ஷாம்பு பைக்கற் எல்லாம் அதேபோலத்தான். வெயில் ஏறமுன், பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

வீட்டுக்குப் போனதும் உடுப்பை வெந்நீரில் ஊறப்போடுங்கள், உண்ணி அதில்தான் வரும். வயல் தண்ணீரிலோ வாய்க்காலிலோ இறங்கியவர்களுக்கு அடுத்த இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் வந்தால், பனடோலோடு படுத்திருக்காமல் வைத்தியரிடம் போய், இன்ன திகதியில் வன்னியில் வயல் தண்ணீரில் நின்றேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கு மருந்து உண்டு, வேளைக்குத் தொடங்க வேண்டும்.